பழுது வேறு, பழசு வேறு: கணினி விஷயத்தில் யாரைக் கேட்பது?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கல்யாண வீடியோ, ஆல்பம் டிசைன்தான் தொழில். வயது 41. பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

2017 ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் மனைவியின் ஆரத்தையும் வளையல்களையும் அடகு வைத்து, மீதிக்குக் கடன் வாங்கி, 3,60,000 ரூபாய்க்கு ஒரு வொர்க்‌ஸ்டேஷன் வாங்கியிருக்கிறார். 14 கோர் கொண்ட ஜியான் இ5 ப்ராசஸர், 64 ஜிபி ரேம். நகையை மீட்க நான்கு வருடம் ஆனது. எட்டு வருடத்தில் ஒரே ஒரு முறை பவர் சப்ளை மாற்றியதோடு சரி, வேறு செலவு வைக்கவில்லை. இப்போது எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பு விண்டோஸ் 11 கேட்கிறது. ஏற்றப் பார்த்தால் ‘இந்தக் கணினி தகுதி பெறவில்லை’ என்று திரையில் வருகிறது. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சிப் டிபிஎம் 1.2, தேவை 2.0. கணினி நிறுவனத்துக்குப் போன் போட்டால், இந்த மாடலுக்கு இனி ஃபர்ம்வேர் (கணினியை எழுப்பிவிடும் உள் மென்பொருள்) அப்டேட் கிடையாது என்று பதில். “மெஷின் சாகலைங்க. நல்லாத்தான் ஓடுது. ஆனா செத்துப்போச்சுன்னு அவங்க பேப்பர்ல எழுதிட்டாங்க” என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் இன்னொரு கணினி வருகிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு நிற்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, 2025 பிப்ரவரியில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு டீலரிடம் 58,000 ரூபாய்க்கு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்கும்) மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். ஏழாம் தலைமுறை ஐ7. கேட்டபோது டீலர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினாராம்: “அண்ணா, லெவன் ஏத்தியே தர்றேண்ணா. நான் பொறுப்பு.” விண்டோஸ் 11 போட்டேதான் வந்தது. ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் அதற்கு மட்டும் வரவேயில்லை. சோதித்துப் பார்த்தால் அதுவும் தகுதியில்லாத கணினி. தடையைத் தாண்டும் குறுக்குவழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பில் இல்லை. 18,000 ஜிபேயில், 40,000 ரொக்கம். “அவரு நம்ம பர்கூர் பக்கம்தான். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு நாந்தான் வீடியோ எடுத்தேன். அதை விட்டுடலாம்னு இருக்கேன்.”

அவர் கேட்பவை: பெரிய கணினியின் நிறுவனத்தின் மீது 25 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? 2025 அக்டோபரில்தான் பிரச்சினை வெடித்தது என்பதால் நுகர்வோர் வழக்குக்கான இரண்டு வருடக் கெடு அதிலிருந்து தொடங்குமா? ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே, அது உதவுமா? ஓசூரில் ஒரு பையன் 6,000 ரூபாய்க்கு பயோஸை, அதாவது அந்த ஃபர்ம்வேரை, மாற்றி எழுதித் தருகிறேன் என்கிறான், செய்யலாமா?

தம்பி, உங்களைவிடப் பதினாறு வயது மூத்தவள் நான் என்பதால் இப்படி அழைக்கிறேன். நீங்கள் இணைத்திருந்த புகைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கேபினட்டின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். பழைய பொட்டின் தடத்தைத் துடைக்காமல் அதன் பக்கத்திலேயே புதுப் பொட்டு வைத்திருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டு இருக்கின்றன. சோறு போட்ட கருவியை ‘காலாவதி’ என்று முகம் தெரியாத ஒருவர் போனில் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு என்று வரும்போது கோபம் ஒரு பக்கம் நிற்க, ஆதாரம் வேறு பக்கம் நிற்கிறது. பலமில்லாத இடத்தில் 25 லட்சம் கேட்கிறீர்கள்; பலமுள்ள இடத்தில் ‘விட்டுடலாம்’ என்கிறீர்கள். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

பெரிய கணினி: நிறுவனத்தின் மீது வழக்கு நிற்குமா?

நிற்காது என்பதுதான் என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ‘ஒரு சின்ன ஃபைல் அனுப்பினால் போதும், வேண்டுமென்றே அனுப்ப மாட்டேன் என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கணினித் துறையில் இருக்கும் நண்பர் ஒருவரிடம், பெயர் சொல்லாமல், உங்கள் மாடல் விவரத்தைக் காட்டிக் கேட்டேன். உங்களைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, நீங்கள் சொல்லும் டிபிஎம் 1.2. அதை ஃபர்ம்வேர் மூலம் 2.0 ஆக்கிக் கொடுத்த மாடல்கள் உண்டு. உங்கள் நிறுவனம் உங்கள் மாடலுக்குக் கொடுக்கவில்லை. இரண்டாவது, விண்டோஸ் 11க்குத் தகுதியானவை என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் உங்கள் ப்ராசஸரே இல்லை. 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது, சாதாரணக் கணினிகளில் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். உங்களுடைய ஜியான் இ5 நான்காம் பதிப்பு 2016 மார்ச்சில் வெளியானது. பட்டியலில் அதற்கு இடமில்லை. நாளைக்கே உங்கள் நிறுவனம் மனமிரங்கி டிபிஎம் 2.0 கொடுத்தாலும் இரண்டாவது தடை அப்படியே இருக்கும். அதாவது ஃபர்ம்வேரை நிறுத்தியது ஒருவர், பட்டியல் போட்டது இன்னொருவர். நுகர்வோர் ஆணையத்தில் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள்.

அடுத்தது சட்டம். நுகர்வோர் சட்டத்தில் ‘குறைபாடு’ என்பதற்குத் திட்டமான பொருள் இருக்கிறது: சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் குறை. 2017இல் உங்களுக்கு விற்றவர் விண்டோஸ் 10 ஓடும் என்று விற்றார். ஓடியது, எட்டு வருடம் ஓடியது. நான்கு வருடம் கழித்து வரப்போகும் விண்டோஸ் 11 ஓடும் என்று அவர் சொல்லவில்லை. இங்கேதான் நம் சட்டத்தின் எல்லை தெரிகிறது. பழுதைக் கேட்டால் அது பதில் சொல்லும். நன்றாக ஓடும் பொருளை வெளியிலிருந்து ஒருவர் பழசாக்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் நேரான பதில் இன்னும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்றரை லட்சம் கொடுத்து வாங்கும் தொழிற்கருவிக்கு எத்தனை வருடம் ஃபர்ம்வேர் தருவோம் என்பதை விற்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். ஆனால் என் நம்பிக்கையை வைத்து நீங்கள் வழக்குப் போட முடியாது.

உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல இது. ஆப்பிள் 2006 ஆகஸ்டில் வெளியிட்ட மேக் ப்ரோவின் தொடக்க விலை 2,499 டாலர், ஸ்டுடியோக்காரர்களுக்கென்றே செய்தது. அதில் ப்ராசஸர் 64 பிட், ஆனால் கணினியை எழுப்பிவிடும் ஃபர்ம்வேர் 32 பிட். 2012 ஜூலையில் ஆப்பிளின் புதிய இயங்குதளமான மவுண்டன் லயன் வந்தபோது அந்தக் கணினிகளில் ஏறவில்லை. 2008 ஜனவரியில், பதினேழே மாதம் தள்ளி வந்த அடுத்த மாடலில் 64 பிட் ஃபர்ம்வேர் இருந்ததால் அது தப்பித்தது. ப்ராசஸருக்குத் தெம்பு இருந்தும் வாசலில் இருந்த ஃபர்ம்வேர் விடவில்லை.

வெளிநாட்டில் அபராதம் போட்டார்களே என்று ஒரு செய்தியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது உண்மை. ஆனால் அது அப்டேட் அனுப்பி, அதனால் பழைய போன்கள் மெதுவாகிப்போன விவகாரம். உங்கள் விஷயத்தில் அப்டேட் வரவே இல்லை. இரண்டையும் ஒன்றாக வாதாட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறது. அதுவும் போன், டேப்லெட்டுக்குத்தான், அதுவும் அங்கேதான்.

காலக்கெடுவில் நீங்கள் போட்ட கணக்கும் சரியில்லை. இரண்டு வருடம் என்பது சரி. அது நீங்கள் வேதனைப்பட்ட நாளிலிருந்து ஓடாது, எதிர்த்தரப்பு தவறு செய்த நாளிலிருந்து ஓடும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 ஆதரவு நின்றது. அந்த நாளில் உங்கள் கணினி நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த எந்த வாக்கை மீறியது? மூன்று வருட வாரண்டி 2020இலேயே முடிந்துவிட்டது. 25 லட்சம் என்ற தொகைக்கும் அடிப்படை வேண்டும். வருமான வரி விதிகள் கணினிக்கு ஆண்டுதோறும் மீதமிருக்கும் மதிப்பில் 40 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கின்றன. அந்தக் கணக்கில் உங்கள் 3,60,000 எட்டு வருடத்தில் ஆறாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவார்.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. கணினி வந்த அட்டைப்பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் இறக்கிப் பாருங்கள். பெட்டியிலோ, கையேட்டிலோ, அப்போது வந்த கொட்டேஷனிலோ ‘வருங்கால இயங்குதளங்களுக்கு ஏற்றது’, ‘இத்தனை ஆண்டு ஃபர்ம்வேர் ஆதரவு’ என்று ஒரு வரி இருந்தாலும் அதைப் படம் எடுத்து வையுங்கள். அப்படி எழுத்தில் இருந்தால் நான் மேலே சொன்ன கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

‘ரிப்பேர் செய்யும் உரிமை’யைப் பொறுத்தவரை, சட்டம் எதுவும் வந்துவிடவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளம் திறந்தது. உதிரிபாகம், சர்வீஸ் விவரங்களை நிறுவனங்கள் அதில் தருகின்றன. ஃபர்ம்வேர் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதில் இல்லை.

சின்னக் கணினி: உங்கள் பலம் இங்கேதான்

‘குறைபாடு’ என்பதன் பொருளில் ‘விற்பவர் சொன்னபடி’ என்று ஒரு பகுதி இருப்பதைப் பார்த்தீர்கள் அல்லவா? “லெவன் ஏத்தியே தர்றேண்ணா, நான் பொறுப்பு” என்பது அதுதான். அவர் குரலிலேயே, தேதியோடு, உங்கள் போனில் இருக்கிறது. உங்களுக்கு விற்ற ஏழாம் தலைமுறை ஐ7 பட்டியலில் இல்லை என்பது 2025 பிப்ரவரியில் எஸ்.பி. ரோட்டில் கணினி விற்கும் ஒருவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்ததால்தான் தடையைத் தாண்டி ஏற்றிக் கொடுத்தார். தாண்டி ஏற்றுவது தனக்குத் தெரிந்து ஒருவர் தன் கணினியில் செய்துகொள்ளும் காரியமாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டே ஒரு கட்டத்தில் அதற்கான வழியை வெளியிட்டு, இப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உறுதி கிடையாது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை மறைத்து விற்றதுதான் இங்கே தவறு. சட்டம் இதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அதே பட்டியலில் தனியாக இடம்பெற்றிருக்கிறது. ‘செகண்ட் ஹேண்ட் பொருளுக்குப் பேச்சே கிடையாது’ என்று டீலர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பழைய பொருள் என்றாலும் அதை விற்பதே அவர் தொழில் என்றால் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும்.

2025 பிப்ரவரியில் வாங்கியது, எனவே 2027 பிப்ரவரிக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும். கடை பெங்களூரில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் போடலாம். முந்தைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ பிரச்சினை எழுந்த இடத்துக்கோ போக வேண்டியிருந்தது. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

கேட்கக்கூடியது: கொடுத்த 58,000 திரும்ப வர வேண்டும், அல்லது சொன்னபடி தகுதியுள்ள கணினியாக மாற்றித் தர வேண்டும். கூடவே அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, வழக்குச் செலவு. ஒரு பார்ட்டிக்கு 15,000 அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள்; அதையும் கேட்கலாம். அது கணினியால்தான் என்று காட்ட அந்தப் பார்ட்டியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் வேண்டும். லட்சங்களில் எழுதாதீர்கள். கேட்கும் தொகை ரசீதோடு பொருந்தினால் ஆணையம் உங்களை நம்பும்.

மூன்று வேலைகளை உடனே செய்யுங்கள்.

அந்த வாய்ஸ் மெசேஜை உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பி, ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வையுங்கள். மூலச் செய்தி இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்று இணைக்க வேண்டும். எந்தப் போனிலிருந்து எடுத்தது என்பது அதில் வரும்.

சின்னக் கணினியை யாரையும் தொட விடாதீர்கள். விண்டோஸை மாற்றி ஏற்றினால், டீலர் என்ன செய்து கொடுத்தார் என்பதற்கான தடம் அழிந்துபோகும். தேவைப்பட்டால் ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பும். ‘தகுதி பெறவில்லை’ என்று காட்டும் திரையை, ப்ராசஸர் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். வீடியோ எடுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரொக்கமாகக் கொடுத்த 40,000க்கு என்ன சாட்சி என்று யோசியுங்கள். அன்று வங்கியிலிருந்து எடுத்த பணமா, கூட யார் வந்தார், ‘பணம் வந்துச்சுண்ணா’ என்று ஒரு செய்தியாவது வந்ததா?

‘நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்றால்?

டீலரின் வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்: ஸ்டுடியோவுக்கு வாங்கியது வியாபார நோக்கம், எனவே நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பார். பலர் இந்த இடத்தில் பயந்து விட்டுவிடுகிறார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக்காட்டுகளோடு விளக்கியது. எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம். டைப்ரைட்டர் வாங்கி மற்றவர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்துப் பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோரே என்றது அந்தத் தீர்ப்பு. தர்மபுரி கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவர்களைப் பார்த்தபடி தொழில் கற்றவள் நான். அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் முகம்தான் வரும். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதும் தப்பில்லை என்றது. ஆனால் முழுக்க முழுக்க வேறொருவர் இயக்குவதற்காக வாங்கினால் பொருந்தாது.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குக் கவலை தந்தது: ‘சின்ன மெஷின் என் அண்ணன் மகனுக்காக வாங்கினது.’ நான்கு வரி தள்ளி, ‘ராத்திரி கலர் கரெக்‌ஷன் நான்தான் அதில் உட்கார்ந்து செய்வேன்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எது உண்மையோ அதைப் புகாரில் முழுதாகச் சொல்லுங்கள்: நீங்களும் உட்காருகிறீர்கள், பையன் உதவிக்கு இருக்கிறான், குடும்பம் பிழைப்பது இந்த ஒரு கடையை வைத்து. பொய் சேர்க்கத் தேவையே இல்லாத இடம் இது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். கேள்வி வரும், பதிலும் இருக்கிறது.

பயோஸ் மாற்றும் பையனும், வைகாசி முகூர்த்தமும்

ஓசூர்ப் பையன் கெட்டிக்காரனாகவே இருக்கலாம். ஆனாலும் மாற்றி எழுதிய ஃபர்ம்வேரை ஏற்றும்போது நடுவில் கரண்ட் போனால், அல்லது ஃபைல் பொருந்தாமல் போனால், எட்டு வருடம் உழைத்த மதர்போர்டு எழுந்திருக்காது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் கருவியை அப்படிப் பணயம் வைக்க வேண்டாம். அந்தப் ப்ராசஸர் பட்டியலில் ஏறாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 6,000 கொடுத்தும் பாதி வழியில்தான் நிற்பீர்கள்.

விண்டோஸ் 10க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. நிறுவன நெட்வொர்க்கில் இணைக்காத தனிக் கணினிகளுக்குப் பொருந்தும்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸைப் பேக்கப் செய்தால் கட்டணமில்லாமலே சேரலாம். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை அதிலேயே ஓட்டிவிடலாம். அதன் பிறகும் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய மென்பொருளோடு எடிட்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் சில வருடம் உழைக்கும். பார்ட்டிகள் கொண்டுவரும் பென் டிரைவை மட்டும் நேராக அதில் செருகாதீர்கள்.

இன்னொன்றை என் நண்பர் சொல்லச் சொன்னார். புதுக் கேமராவின் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடிய) ஃபுட்டேஜ் திக்கித் திக்கி ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் ஃபர்ம்வேருக்கும் சம்பந்தமில்லையாம். அந்த வகைக் கோப்பை விரிக்கும் தனி வசதி உங்கள் ஜியானிலும் இல்லை, அந்தக் காலத்து கிராஃபிக்ஸ் கார்டிலும் இல்லை. விண்டோஸ் 11 ஏறினாலும் அது சரியாகாது. ப்ராக்ஸி ஃபைல் (எடிட்டிங்குக்கு மட்டும் எடுக்கும் இலகுவான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள் என்கிறார். அடுத்து கணினி வாங்கும்போது ரேம் எவ்வளவு, கோர் எத்தனை என்பதோடு, எந்த வருடம் வரை ஃபர்ம்வேர் அப்டேட் தருவீர்கள் என்று கேட்டு ஈமெயிலில் பதில் வாங்குங்கள். நகையை மறுபடி அடகு வைப்பதற்கு முன்னால் அந்த ஈமெயில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பர்கூர்க்காரர் விஷயம்

அவர் தங்கை கல்யாணத்தில் நீங்கள் வீடியோ எடுத்தவர். எடுத்தெறிந்து பேச மனம் வரவில்லை, புரிகிறது. நம் பக்கத்தில் நாளைக்கே ஒரு பந்தியில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டிவரும். ஆனால் இதை விட்டுவிட்டால் இந்த வருத்தம் உங்களோடேயே இருக்கும். அவரும் இதே மாதிரி மெஷினை அடுத்த ஸ்டுடியோக்காரருக்கு ஏற்றிக் கொடுப்பார். உடனே ஆணையத்துக்குப் போக வேண்டாம். முதலில் ஒரு கடிதம். பதில் இல்லாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்; தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால்தான் புகார். சட்டப்படி மூன்று மாதத்தில், பரிசோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும். நடைமுறையில் கூடுதலாகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆணையத்தில் சமரசத்துக்கும் வழி இருக்கிறது, உங்கள் இருவருக்கும் அது பொருந்தும்.

கடிதத்தை நான் இப்படி எழுதுவேன். தேவையான இடத்தை நிரப்பி, ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்:

“அன்புள்ள தம்பிக்கு, 2025 பிப்ரவரி …ஆம் தேதி உங்களிடம் 58,000 ரூபாய்க்கு வாங்கிய கணினியில் விண்டோஸ் 11 ஏற்றியே தருகிறேன், நான் பொறுப்பு என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தீர்கள். அது விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதது என்று இப்போது தெரியவந்துள்ளது. திரையின் படத்தை இணைத்திருக்கிறேன். வாங்கியபோது பில்லும் தரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தகுதியுள்ள கணினியாக மாற்றித் தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்பித் தாருங்கள். நம் பழக்கத்தை எண்ணித்தான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய வேண்டியிருக்கும்.”

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏதாவது பதில் அனுப்பினால், குரலாக இருந்தாலும் எழுத்தாக இருந்தாலும், அதைக் கேட்டுவிட்டு அழித்துவிடாமல் எனக்கு எழுதுங்கள்.